சலீம் அலி பழ வௌவாலைத் தேடிக் கிளம்பும் முன்: குமுளிப் பக்கம் புதிதாக வருவோருக்கு

கம்பம் பள்ளத்தாக்கில் பஸ்ஸில் தெற்கு நோக்கிப் போகும்போது இடது கைப் பக்கம் நீண்டு கிடப்பது மேகமலை. வெள்ளைக்காரர் காலத்தில் அதற்கு ஹைவேவி என்று பெயர். அங்கே தோட்ட வேலையில் இருந்த ஆங்கஸ் ஹட்டன் 1948-இல் ஒரு சிறிய பழ வௌவாலைப் பிடித்தார். அது பாடம் செய்யப்பட்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்புக்குப் போய்ச் சேர்ந்தது. சாதாரணக் குட்டைமூக்குப் பழ வௌவால் என்று சீட்டு ஒட்டி அலமாரியில் வைத்துவிட்டார்கள். 24 வருஷம் கழித்து, 1972-இல், தாய்லாந்து ஆய்வாளர் கிட்டி தொங்லோங்யா அதை எடுத்துப் பார்த்தார். பல் அமைப்பு வேறு, வாலும் இல்லை. ஏற்கெனவே தெரிந்த எந்தப் பேரினத்திலும் அது அடங்கவில்லை. லாட்டிடென்ஸ் என்று புதுப் பேரினம் ஒன்றை உண்டாக்கி, பறவையியலாளர் சலீம் அலியின் பெயரை இனத்துக்கு வைத்தார். அப்போதும் கையில் இருந்தது அந்த ஒரே மாதிரிதான். 1993-இல்தான் மேற்குத் தொடர்ச்சி மலையில் உயிரோடு மறுபடி கிடைத்தது. பிறகு பெரியாற்றுக் காடுகளிலும் களக்காடு முண்டந்துறையிலும் பதிவானது. தெற்கு மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் இதற்கு வேறு இடம் கிடையாது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் இது அழியும் ஆபத்தில் உள்ள இனம்.

குமுளி, வண்டிப்பெரியாறு, பீர்மேடு, உடும்பன்சோலை என்று எல்லைக்குக் கேரளப் பக்கம் இருக்கிற நம் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த வௌவால் பக்கத்து வீட்டுக்காரர். ஆனாலும் பெயர் கேள்விப்பட்டவர்கள் குறைவு. ஆசிரியராகவோ மாணவராகவோ இங்கே புதிதாக வந்து, இதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த இளைஞர்களுக்கும் உதவும். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வௌவாலைக் கண்ணால் பார்ப்பதை இலக்காக வைத்துக்கொண்டு வராதீர்கள். அது நின்று தின்னும் மரங்களைத் தெரிந்துகொள்வதும், அது தூங்கும் குகையை யாரும் தொந்தரவு செய்யாமல் பார்ப்பதும்தான் புதியவர் செய்யக்கூடிய பெரிய வேலை.

முதலில் மற்ற வௌவால்களைப் படியுங்கள்

அரிய ஒன்றைத் தேடும் முன் சாதாரணமானவற்றை நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். பழம் தின்னும் வௌவால்களில் பெரிய பழந்தின்னியை யாருக்கும் அடையாளம் சொல்லத் தேவையில்லை. இறக்கை விரித்தால் ஒரு மீட்டரைத் தாண்டும். பகலில் ஆலமரத்திலும் மருத மரத்திலும் வெட்டவெளியில் கூட்டமாகத் தொங்கும். அடுத்தது குகைகளிலும் பழைய கோயில் மண்டபங்களிலும் தங்கும் ரூசெட் வௌவால். நாக்கைச் சொடுக்கி டிக் டிக் என்று சத்தம் எழுப்பி, எதிரொலியை வைத்து இருட்டுக்குள் வழி கண்டுபிடிக்கும். வால் வெளியே தெரியும். மூன்றாவது குட்டைமூக்கு வௌவால். இது பனை ஓலை, கூந்தல்பனை, நெட்டிலிங்கம் போன்றவற்றில் ஒளிந்து தொங்கும். காதின் விளிம்பில் வெளிறிய கோடு ஓடும், இறக்கை விரல் எலும்புகளும் வெளிறி இருக்கும், குட்டையாக ஒரு வாலும் உண்டு.

சலீம் அலி வௌவால் அளவில் கிட்டத்தட்ட குட்டைமூக்கு வௌவால் போலத்தான். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஏறக்குறைய 67 மில்லிமீட்டர். தலை கரும்பழுப்பு, அடிப்பக்கம் சாம்பல் கலந்த வெளிர் பழுப்பு. வால் இல்லை. காது விளிம்பில் வெளிறிய கோடு இல்லை. கீழேயிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒரே உருவமாகத் தெரியும். ஆகவே இருட்டில் தலைக்கு மேலே பறந்து போனதைக் காட்டி, 'இது சலீம் அலிதான்' என்று யார் சொன்னாலும் ஏற்றுக்கொள்ள வேண்டாம், நீங்களும் சொல்ல வேண்டாம். உறுதிப்படுத்த வலையில் பிடித்துப் பல்லையும் முன்கையையும் அளக்க வேண்டும். அது அனுமதி பெற்ற ஆய்வாளர்களின் வேலை.

மூக்குக்கும் கண்ணுக்கும் பழகவே கொஞ்சம் காலம் ஆகும். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து நெட்டிலிங்க மரத்திலோ வீட்டுக் கொய்யாவிலோ குட்டைமூக்கு வௌவால் எப்போது வருகிறது, எங்கே போய்த் தின்கிறது, எதைத் துப்புகிறது என்று ஒரு பருவம் முழுக்கப் பாருங்கள். அந்தப் பழக்கம் காட்டில் கை கொடுக்கும்.

அனுமதி

இதில் சமாளிப்பு கிடையாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சலீம் அலி வௌவால் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கும் யானைக்கும் இருக்கிற அதே பாதுகாப்பு. கொன்றால் 3 முதல் 7 வருஷம் வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். வேதனை என்னவென்றால், அதே சட்டம் மற்றப் பழ வௌவால்களைக் காகம், எலியோடு சேர்த்துத் தொல்லை உயிரினங்கள் என்று ஐந்தாம் அட்டவணையில் வைத்திருந்தது. பார்வைக்கு வித்தியாசம் தெரியாத இரண்டு வௌவால்களில் ஒன்றைக் கொன்றால் ஜெயில், இன்னொன்றைக் கொன்றால் கேள்வியே இல்லை என்றால் எது பிழைக்கும்? 2022-இல் வந்த திருத்தத்தில் அந்தத் தொல்லை அட்டவணையையே எடுத்துவிட்டார்கள். வெகு காலம் தாமதமாக வந்த நல்ல காரியம்.

தமிழ்நாட்டுப் பக்கம் மேகமலை 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. கேரளப் பக்கம் பெரியாறு 1978 முதல் புலிகள் காப்பகம். இரண்டிலும் இஷ்டத்துக்கு உள்ளே நுழைய முடியாது, இரவில் நினைத்தும் பார்க்க வேண்டாம். தேக்கடியில் வனத்துறையின் நடைப்பயணங்களில் சேர்ந்து போகலாம். அவற்றை நடத்தும் சூழல் மேம்பாட்டுக் குழுக்களில் ஒரு காலத்தில் வயணப் பட்டை (காட்டு இலவங்கப் பட்டை) உரித்து விற்றவர்களும் இருக்கிறார்கள். மன்னான், பளியர் சமூகத்து ஆட்களும் வழிகாட்டிகளாக வருகிறார்கள். அவர்களோடு போனால் பகலிலேயே மரத்தடியில் நீங்கள் பார்க்காமல் தாண்டிப் போகிற பத்து விஷயங்களைக் காட்டுவார்கள். வௌவாலைப் பற்றிக் கேட்பதற்கு முன் மரங்களைப் பற்றிக் கேளுங்கள்.

தொடக்கத்துக்குக் காப்பகத்துக்குள் போக வேண்டிய கட்டாயமும் இல்லை. காட்டை ஒட்டிய ஏலத்தோட்டங்களில் பழைய காட்டு மரங்கள் நிழலுக்காக இன்னும் நிற்கின்றன. தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டு அங்கே ஆரம்பிக்கலாம்.

மரத்தடியைப் படிப்பது

என் பார்வையில் இதுதான் முக்கியமான பாடம், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

பழ வௌவால் பழத்தை அப்படியே விழுங்காது. கடித்து மென்று, நாக்கால் மேல் அண்ணத்தில் அழுத்திச் சாறு எடுத்துக்கொண்டு, மிச்ச நாரைத் தட்டையான சக்கையாகத் துப்பும். அத்தி, இச்சி போன்ற பழங்களின் பொடி விதைகள் சாற்றோடு உள்ளே போய், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் எச்சத்தில் வெளியே வந்துவிடும். அந்த அரை மணியில் வௌவால் பறந்த தூரத்துக்கு விதையும் போகும். பெரிய கொட்டை உள்ள பழமாக இருந்தால் விழுங்க முடியாது. அதனால் வாயில் கவ்வி எடுத்துக்கொண்டு வேறொரு மரத்துக்குப் போய், கொப்பில் தொங்கிக்கொண்டே சதையை மட்டும் தின்றுவிட்டுக் கொட்டையைக் கீழே போடும். தாய் மரத்திலேயே உட்கார்ந்து தின்றால் ஆந்தைக்கும் மரநாய்க்கும் சுலபமாக மாட்டிக்கொள்ளும்.

ஆகவே நீங்கள் தேட வேண்டிய காட்சி இது: ஒரு மரத்தடியில் அந்த மரத்துக்குச் சம்பந்தமே இல்லாத வேறு மரத்தின் கொட்டைகள் குவியலாகக் கிடக்கும். கொட்டை உடையாமல் முழுசாக இருக்கும், சதை மட்டும் சுரண்டப்பட்டிருக்கும். சுற்றிலும் உலர்ந்த சக்கை. இலைகளின் மேல் எச்சம் தெளித்த தடம். இது வௌவால் சாப்பாட்டு இடம்.

குரங்கு தின்ற இடம் வேறு மாதிரி. கொப்பு ஒடிந்திருக்கும், பாதி தின்ற பழம் தாய் மரத்தடியிலேயே சிதறிக் கிடக்கும். மலையணில் கொட்டையையே பல்லால் அறுத்து உள்ளே இருப்பதைத் தின்னும், அந்த வெட்டு தெளிவாகத் தெரியும். இருவாட்சி முழுப் பழத்தையும் விழுங்கிவிட்டுக் கொட்டையைச் சுத்தமாகக் கக்கும், மென்ற சக்கை இருக்காது. இந்த நான்கையும் பிரித்துச் சொல்லத் தெரிந்துவிட்டால் நீங்கள் பாதி தூரம் வந்துவிட்டீர்கள்.

சலீம் அலி வௌவால் தின்பதாகத் தெரிந்தவற்றில் ருத்திராட்சக் குடும்பத்து மரங்களும் காட்டு அத்தி வகைகளும் உண்டு. இந்த மரங்களைத்தான் முதலில் அடையாளம் காணப் பழக வேண்டும். இங்கே ருத்திராட்சம் என்றால் பூஜை மாலையில் கோர்க்கிற மரம் மட்டும் இல்லை. அதே குடும்பத்தில் வழவழப்பான பழம் காய்க்கும் பெரிய காட்டு மரங்கள் பல உண்டு, உதிர்ந்த இலை சிவந்து கிடக்கும், அதை வைத்தே தூரத்திலிருந்து கண்டுபிடிக்கலாம். கூடவே வெடிப்பலா, பாலி போன்ற மரங்களையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அவை நிற்கும் காடு இன்னும் மழைக்காடாகவே இருக்கிறது என்பதற்கு அடையாளம்.

வேலை முறை எளியது. நீங்கள் தினமும் போய் வரும் வழியில் ஐந்தாறு மரங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரோ எண்ணோ கொடுங்கள். வாரம் ஒரு முறை, காலையில், பூ இருக்கிறதா, பிஞ்சா, காயா, பழமா, அடியில் என்ன கிடக்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். பழக்காலத்தில் சாயங்காலம் ஒரு பழைய உரச் சாக்கைப் பிரித்து மரத்தடியில் விரித்துவிட்டு வந்தால், மறுநாள் காலை இரவில் விழுந்தது மட்டும் அதில் இருக்கும். பகலில் குரங்கு போட்டதோடு கலக்காது. சக்கையையும் கொட்டையையும் கையுறை போட்டோ குச்சியாலோ எடுங்கள். காகிதத்தில் வைத்து, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இரண்டு வருஷம் இப்படி எழுதிய நோட்டு ஒன்று இருந்தால், எந்த மரம் எந்த மாதம் வௌவாலுக்குச் சோறு போடுகிறது என்று சொல்ல முடியும். அடுத்த முறை நிழல் மரம் வெட்டும் பேச்சு வரும்போது, 'இந்த மரத்தை விட்டுவிடுங்கள், பங்குனியில் மற்ற எதிலும் பழம் இல்லாதபோது இதில்தான் இருக்கிறது' என்று கைகாட்ட அந்த நோட்டுதான் ஆதாரம்.

அந்தி நேரத்தில் பார்ப்பது

பார்க்கவே கூடாது என்று சொல்லவில்லை. வெயில் சாய்ந்து இருட்டு பரவும் நேரத்தில், அனுமதி உள்ள தோட்டத்து ரோட்டில் ஜீப் பக்கத்தில் நின்றுகொண்டு, பழம் பழுத்த மரத்தின் உச்சிக்கு எதிரே வானம் தெரிகிற மாதிரி இடம் பாருங்கள். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித் தாளைக் கட்டிக்கொள்ளுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம். பூச்சி தின்னும் வௌவால்களின் காதுக்கெட்டாத ஒலியைப் பிடிக்கும் கருவிகளை இப்போது பலர் வாங்குகிறார்கள். அது நல்ல கருவிதான், ஆனால் இந்த வௌவாலுக்கு உதவாது. இது கண்ணையும் மூக்கையும் நம்பிப் பறக்கிற இனம். தனியாகப் போகாதீர்கள். யானை வரும் வழி எது என்று காவல்காரரிடம் கேட்காமல் எங்கும் நிற்காதீர்கள். மழைக்காலத்தில் அட்டைக்குக் காலுறை, அப்புறம் கொஞ்சம் உப்போ புகையிலைத் தூளோ போதும்.

குகை

குகைக்குள் போக வேண்டாம். இந்த ஒரு வாக்கியத்தோடு நிறுத்திவிடலாம், ஆனாலும் காரணம் சொல்கிறேன்.

இந்த வௌவால் பகலில் குகையிலும் பாறைப் புடவிலும் (பாறை இடுக்கிலும்) கூட்டமாகத் தங்குகிறது. ஒரு மலையில் இருக்கிற மொத்தக் கூட்டமும் ஒன்றிரண்டு புடவுகளை நம்பி இருக்கலாம். ஒரு பெண் வௌவால் ஒரு ஈற்றில் ஒரே குட்டிதான் போடும், அதை மார்பில் ஒட்டவைத்துக்கொண்டே பறக்கும். ஆள் சத்தமும் வெளிச்சமும் திடீரென்று வந்தால் மொத்தமும் கலைந்து பறக்கும், குட்டிகள் கீழே விழும். கீழே விழுந்த குட்டி பெரும்பாலும் பிழைக்காது. எலி மாதிரி வேகமாகப் பெருகும் இனமாக இருந்தால் ஒரு வருஷ நஷ்டத்தை அடுத்த வருஷம் ஈடு கட்டும். இதனால் முடியாது. மனுஷருக்கும் நல்லதில்லை: எச்சம் குவிந்த குகைக் காற்றில் நுரையீரலைப் பாதிக்கும் பூஞ்சை இருக்கலாம்.

யாராவது உங்களை நம்பிப் பாறைப் புடவு ஒன்றைக் காட்டினால், அந்த இடத்தை மனசோடு வைத்துக்கொண்டு வனச்சரக அலுவலகத்தில் மட்டும் சொல்லுங்கள். வாட்ஸ்ஆப் குழுவில் போடாதீர்கள், ரீல்ஸ் எடுக்காதீர்கள். படத்தில் பின்னணிப் பாறையை வைத்தே இடத்தைக் கண்டுபிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

நிபா பயம்

கேரளத்தில் வௌவால் என்றதும் அடுத்த வார்த்தை நிபா. 2018-இல் கோழிக்கோட்டில் நடந்ததை யாரும் மறக்கவில்லை. அதற்குப் பிறகும் சில வருஷங்களில் அந்த நோய் வந்து போயிருக்கிறது. இந்த பயத்தைக் கேலி செய்யாதீர்கள், உயிர் போன வீடுகள் இருக்கின்றன. ஆய்வுகள் கைகாட்டுவது முக்கியமாகப் பெரிய பழந்தின்னி வௌவாலை. ஆனாலும் எந்த வௌவாலாக இருந்தாலும் விதி ஒன்றுதான். வௌவால் கடித்த பழத்தைத் தின்னக் கூடாது. கீழே விழுந்த பழத்தைப் பிள்ளைகள் எடுத்துத் தின்னாமல் பார்க்க வேண்டும். மாங்காயோ கொய்யாவோ நன்றாகக் கழுவித் தோல் சீவித் தின்ன வேண்டும். திறந்த கலயத்தில் இறக்கிய பதநீரைப் பச்சையாகக் குடிக்கக் கூடாது. செத்த வௌவாலையும் உயிருள்ள வௌவாலையும் வெறுங்கையால் தொடக் கூடாது. தவறிக் கடி பட்டால் 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசி பற்றிக் கேட்க வேண்டும்.

பயத்தில் மரத்தை வெட்டுவதும் வெடி போட்டு விரட்டுவதும் நோயைக் குறைக்காது. கலைந்த கூட்டம் நாலு பக்கமும் பிரிந்து புது இடங்களுக்குப் போகும், அவ்வளவுதான். திருச்சி மாவட்டத்துத் தோப்புப்பட்டியில் ஆலமரத்து வௌவால்களுக்காகத் தீபாவளிக்கு வெடியே போடாமல் இருக்கிறார்கள். வௌவாலோடு சேர்ந்து வாழ்வது எப்படி என்று நம் ஜனங்களுக்கு யாரும் வெளியிலிருந்து வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பேசுவது

வௌவால் கறி ஆஸ்துமாவுக்கு நல்லது, வீசிங் நிற்கும் என்ற நம்பிக்கை மலையிலும் சமவெளியிலும் உண்டு. அதற்காக வேட்டையாடுவது இந்த இனத்துக்கு உண்மையான ஆபத்து. சட்டத்தைக் காட்டி மிரட்டினால் வேட்டை நிற்காது, உங்களிடம் சொல்வதுதான் நிற்கும். நோயிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.

'அண்ணே, வீட்ல யாருக்கு இளைப்பு?'

'எங்க அம்மாவுக்குத்தான். பனிக்காலம் வந்தா தாங்கலை.'

'ஆஸ்பத்திரியில இன்ஹேலர் குடுத்தாங்களா?'

'குடுத்தாங்க. தீந்து போச்சு. போக ஒரு நாள் கூலி போகுதே.'

இந்த இடத்தில் வௌவாலைக் காப்பாற்றும் வேலை அந்த அம்மாவை அரசு சுகாதார மையத்துக்குக் கூட்டிப் போகும் வேலையாக மாறுகிறது. போய் வாருங்கள். மருந்து வேலை செய்தால் அந்த வீட்டில் வௌவாலுக்கு வலை விரிக்கும் காரணம் போய்விடும். அதற்குப் பிறகு நீங்கள் நிபாவைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் சொன்னால் காது கொடுப்பார்கள்.

தோட்ட முதலாளியிடமும் மேனேஜரிடமும் பேச வேண்டிய விஷயம் வேறு. ஏலத்துக்கு நிழல் வேண்டும். அந்த நிழலுக்காகத்தான் ஏலமலையில் இவ்வளவு மரங்கள் மிஞ்சின. வருஷா வருஷம் கொப்புக் கழிக்கும்போது காட்டு அத்தியும் ருத்திராட்சக் குடும்பத்து மரமும் எவை என்று பார்த்து, பழம் இருக்கும் மாதங்களில் அவற்றை விட்டுவைக்கச் சொல்லுங்கள். பட்டுப்போன மரத்தின் இடத்தில் சில்வர் ஓக் நடுவதற்குப் பதிலாக அதே காட்டு மரத்தின் கன்றை நடச் சொல்லுங்கள். கன்றுக்கு எங்கே போவது என்பார்கள். உங்கள் சாக்கில் விழுந்த கொட்டைகள் இருக்கின்றனவே, கழுவி, தோட்ட மண்ணும் சாணமும் கலந்த பையில் போட்டு முயன்று பாருங்கள். ருத்திராட்சக் குடும்பத்துக் கொட்டைகள் கெட்டியானவை, முளைக்க மாதக்கணக்கில் ஆகும், ஆகவே பொறுமையாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அத்தி விதை பொடி என்பதால் மண்ணில் புதைக்காமல் மேலே தூவி, ஈரம் காயாமல் வைத்தால் போதும். தங்கும் விடுதி நடத்துகிறவர்களிடம் காட்டைப் பார்த்த பக்கம் இருக்கும் பெரிய விளக்குகளை இரவு அணைக்கச் சொல்லிக் கேட்கலாம்.

பதிவை எங்கே கொடுப்பது

நோட்டில் தேதி, நேரம், மரம், பழத்தின் நிலை, அடியில் கிடந்தது, வானிலை இவ்வளவு இருந்தால் போதும். என்ன வௌவால் என்று தெரியாத இடத்தில் 'பழ வௌவால்' என்று மட்டும் எழுதுங்கள். ஊகத்தை உறுதியாக எழுதிய ஒரு வரி, அதற்கு முன் நீங்கள் எழுதிய எல்லாவற்றின் மீதும் சந்தேகத்தைக் கொண்டுவரும். படங்களை ஐநேச்சுரலிஸ்ட் என்ற உயிரினப் பதிவு இணையதளத்தில் போடுவதாக இருந்தால் இடக்குறியை மறைக்கும் வசதியை நீங்களே தேர்ந்தெடுத்து வையுங்கள், தளம் தானாகச் செய்யும் என்று விட்டுவிட வேண்டாம். வருஷத்துக்கு ஒரு முறை நோட்டின் நகலை உங்கள் பகுதி வனச்சரக அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். பக்கத்துக் கல்லூரி விலங்கியல் துறைக்கும் ஒரு நகல் கொடுங்கள். அனுமதி பெற்று வலை போடுகிற குழு ஒன்று இந்த மலைக்கு வரும்போது, எந்த மரத்தடியில் எந்த மாதம் நிற்க வேண்டும் என்று அவர்கள் முதலில் கேட்பார்கள்.